தொட்டி முக்கில் தேனீக்கள்

ஜனவரி 4, வியாழன்

ஆர்டர் வந்துவிட்டது. கிளை நூலகத்தைத் தொட்டி முக்கில் இருக்கிற பழைய தண்ணீர்த் தொட்டிக் கட்டடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நகராட்சி ஒருவழியாக எழுதிக் கொடுத்துவிட்டது. ஐப்பசி வந்தால் புத்தகத்துக்குத் தார்ப்பாய் போர்த்திவிட்டு நான் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்த காலம் முடிந்தது. இந்த ஒரு தாளுக்காக எத்தனை ஆபீஸ் படி ஏறியிருப்பேன். துள்ளிக் குதிக்க வேண்டியவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

காரணத்தை இங்கே மட்டும்தான் எழுத முடியும். அந்தத் தொட்டி எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. கீழே வட்டமான கல் கட்டடம், அதன் தலையில் இரும்புத் தொட்டி. கட்டடத்தைவிடத் தொட்டி அகலம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற அதன் அடியில் மலைத்தேனீ கூடு கூடாகத் தொங்குகிறது. கார்த்திகையில் வந்து அடையும், சித்திரை வெயில் ஏறினால் போய்விடும். இத்தனை நாள் அந்தப் பக்கம் யாரும் அதிகம் போகாததால் அதுவும் சும்மா இருந்தது, நாங்களும் ஜன்னலுக்கு வலை அடித்துக்கொண்டு சும்மா இருந்தோம்.

என் வீட்டுக்காரருக்குத் தேனீ ஆகாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தென்னந்தோப்பில் ரெண்டே ரெண்டு கொட்டு. முகம் வீங்கி, மூச்சு நின்று, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் உயிரை மீட்டுக் கொடுத்தார்கள். இன்னொரு தடவை கொட்டினால் ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இவரோ ஊருக்குள் நண்டுக் கறி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டார். "ஜெயக்கொடி பூச்சி கடிச்சுச் செத்துப் பொழச்சான்னு ஊர் சிரிக்கவா? நீ வாயத் தொறக்கப்படாது பாத்துக்க" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். நானும் ஒரு கூறுகெட்டவள், செய்து கொடுத்தேன்.

ஜனவரி 9, செவ்வாய்

கவுன்சிலர் ஆறுமுகநயினார் கட்டடம் பார்க்க வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"எம்மா, தொறப்பு விழாவுக்கு முந்தி இந்தச் சனியனக் கொளுத்திப்புடணும். ஆள் இருக்கு. பந்தத்தக் காட்டுனா எல்லாம் பறந்துரும்."

பறந்து எங்கே போகும்? எதிரே எங்கள் வீடு. திண்டாடிப் போனேன். உண்மையைச் சொல்ல வழியில்லை. வாயில் வந்ததை உளறினேன்.

"பாவம்லா அண்ணாச்சி, அதுவும் உயிர்தான? இருந்துட்டுப் போகட்டும். படிக்க வர்ற பிள்ளைகளும் பாத்துத் தெரிஞ்சுக்கிடுவாங்க."

பக்கத்தில் ஒரு பத்திரிகைக்காரர் நின்றதை நான் கவனிக்கவில்லை.

ஜனவரி 11, வியாழன்

பேப்பரில் என் போட்டோ. 'தேனீக்களின் தோழி தங்கபுஷ்பம்.' நான் தோழியாம்! அந்தச் சவத்து மூதிகள் பூண்டோடு அழிந்து போனால் சூடம் கொளுத்துவேன். இவர் வாசித்துவிட்டுச் சிரித்ததில் புரையேறிவிட்டது. "ஏ தோழி, ஒரு காப்பி போடு" என்கிறார். நாள் முழுக்க இதே பாட்டு.

ஜனவரி 15, திங்கள்

பொங்கலுக்குக் கரும்பு வாங்கவில்லை. இனிப்பு வாசத்துக்குத் தேனீ வந்துவிடும். இவர் தன் தாய்மாமா வீட்டில் போய் ஒரு முழுக் கரும்பைக் கடித்துத் தின்றுவிட்டு, சட்டையெல்லாம் சாறோடு தொட்டிக்குக் கீழேயே நடந்து வந்தார். வேண்டுமென்றுதான்.

ஜனவரி 21, ஞாயிறு

வாசலில் வைக்கிற பலகைக்குத் தொட்டியின் வரலாறு எழுதித் தர வேண்டும். ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கரி எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ரயில்வே கட்டியது என்பது வரைக்கும் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். கட்டிய வருஷத்தில் புயல் அடித்தது என்கிறார் ஒருவர், பஞ்சம் என்கிறார் இன்னொருவர்.

இவருடைய தாய்மாமா சிவனணைந்த பெருமாளைக் கேட்டேன். தொண்ணூறு தாண்டியவர், படுக்கைதான், பேச்சில் தெளிவு. நானும் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

"ரயில் போக மிச்சத் தண்ணிக்கு ரெண்டு குழாய் வச்சிருந்தான். கெழக்க ஒண்ணு, மேக்க ஒண்ணு. கெழக்குக் குழாய்ல நாங்க பிடிக்கப்படாது. எங்கம்மை ஒருநாள் அவசரத்துக்குக் கெழக்க போயி வச்சா. கொடத்தக் கல்லால அடிச்சு ஒடச்சானுவ. அவ செத்தப்போ மேக்குக் குழாய்லதான் நீர்மாலை எடுத்தோம். எனக்கும் அங்கனதான் எடுக்கணும். மவன் சேர்மக்கனிட்ட சொல்லிவச்சிருக்கேன்."

இறந்தவரைக் குளிப்பாட்ட மகனும் மருமகனும் பேரன்மாரும் குடத்தோடு போய்த் தண்ணீர் எடுத்து வருவதுதான் நீர்மாலை. மேற்குக் குழாயில் இப்போது போர்வெல் தண்ணீர் வருகிறது. கிழக்கே வெறும் ஓட்டை. அந்த ஓட்டையைச் சிமெண்டு வைத்து அடைத்துவிடலாம் என்கிறார் கவுன்சிலர். எதற்கு என்று கேட்டால், "பாக்க நல்லா இல்லல்லா" என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ரெண்டு குழாய் இருந்ததைப் பலகையில் எழுதத்தான் போகிறேன்.

ஜனவரி 27, சனி

இன்றைக்கும் டேப்போடு போய் அளந்துவிட்டு வந்தேன். சுவர் வட்டம், அலமாரி நேர்கோடு. எப்படித் திருப்பி வைத்தாலும் பின்னால் சந்து விழுகிறது. மேல் அறை ஜன்னலில் நின்றால் ரயில்வே கேட் வரைக்கும் தெரிகிறது. அந்த ஜன்னலோரத்தில் சிறுவர் பகுதி வைக்கலாம். என் மேசை கீழே வாசலைப் பார்த்தாற்போல. நான் ஒன்றும் ஆசைப்பட்டு அளக்கவில்லை. தச்சர் வந்தால் கேட்பாரே என்றுதான். தச்சருக்கு இன்னும் சொல்லிவிடவில்லை.

தலைக்கு மேலே ஙொய்யென்று அந்தச் சத்தம். அளக்கிற நேரத்தில் காதில் விழவில்லை. வெளியே வந்து எதிரே இவருடைய கடையைப் பார்த்ததும்தான் விழுந்தது. வீட்டு முன்னறைதான் கடை. மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டு, வலைக்கதவை விரியத் திறந்துபோட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போய்ச் சாத்தினேன். "காத்து வரண்டாமா?" என்று மறுபடி திறந்தார். மறுபடி சாத்தினேன். "ஒனக்கு வெசனப்படுறதுக்குன்னே ஒரு சம்பளம் குடுக்கணும்" என்றார்.

பிப்ரவரி 1, வியாழன்

வெடிச் சத்தம் கேட்டால் கூடு மொத்தமும் கலையும். நம் ஊரில் எதற்குத்தான் வெடி இல்லை? அதனால் கவுன்சிலரிடம், திறப்பு விழாவுக்குச் சரவெடி கூடாது என்று வாக்கு வாங்கிவிட்டேன். கல்யாண மண்டபத்தில் சொல்லியாயிற்று. கோயில் கொடை கமிட்டியிலும் சொல்லியாயிற்று. கட்சிக்காரர்கள் ரெண்டு தரப்பையும் பார்த்தாயிற்று. 'இங்கே வெடி வெடிக்கக் கூடாது' என்று சுவரில் எழுதியும் வைத்தாயிற்று. எல்லாரும் தேனீத் தோழிக்காகச் சரி என்றார்கள். இன்றைக்குத்தான் நிம்மதியாகப் படுக்கப் போகிறேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

சாயங்காலம் சிவனணைந்த பெருமாள் மாமா போய்விட்டார். தூக்கத்திலேயே. நாளை மதியம் எடுப்பு.

மாமா மகன் சேர்மக்கனி அண்ணாச்சி, "கல்யாணச் சாவு, கொறையில்லாமச் செய்யணும்" என்று சிவகாசிக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். மூட்டை மூட்டையாக வெடி வருகிறது. ரெண்டு செட் மேளம்.

கல்யாணத்துக்குச் சொன்னேன், கொடைக்குச் சொன்னேன், கட்சிக்குச் சொன்னேன். சாவை எப்படியடி மறந்தாய், தங்கபுஷ்பம்?

பிப்ரவரி 5, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் இவரிடம் கெஞ்சினேன். "துட்டி வீட்டுல இருங்க. எடுப்புக்கு ஆத்துக்கும் போங்க. நீர்மாலைக்கு மட்டும் போகாதிய. அந்தக் குழாய் கூட்டுக்கு நேர் கீழ இருக்கு."

"தாய்மாமனுக்கு நீர்மாலை எடுக்காம வீட்டுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு இருக்கச் சொல்லுதியா? அவரு ஒரே தங்கச்சி மவன் நான். என்னத் தூக்கி வளத்த மனுசன்."

"காய்ச்சல்னு சொல்லுங்க."

"செத்தவருக்கு முன்னால பொய் சொல்லச் சொல்லுத."

வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பின்னாலேயே ஓடினேன். மாமாவின் துட்டி வீட்டுப் பந்தலில் மேளம் உச்சத்தில் இருந்தது. பித்தளைக் குடங்களைத் துலக்கி வரிசையாக வைத்திருந்தார்கள். பேரன்மார் வெடிச்சரத்தைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு நின்றார்கள். சேர்மக்கனி அண்ணாச்சி நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தார். நேரே போய்விட்டேன்.

"அண்ணாச்சி, தொட்டி முக்குல வெடி வேண்டாம். மேளமும் வேண்டாம்."

"என்ன தங்கச்சி சொல்லுத? பேரன் பூட்டன் எடுத்த மனுசன். மேளம் இல்லாம நீர்மாலையா?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "அவ லைப்ரரிக்குப் பாக்கா. தேனீக்குத் தோழில்லா." ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். இவர் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று எனக்குத் தலையை ஆட்டினார். மேளக்காரர்கள் மூச்சு வாங்க நிறுத்திய நேரம் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

"லைப்ரரி நாசமாப் போகட்டும் அண்ணாச்சி. அன்னைக்கு இவுகளுக்கு ஆனது நண்டுக் கறியால இல்ல. தேனீ. ரெண்டு கொட்டுக்கே மூச்சு நின்னுபோச்சு. இன்னொரு தடவ கொட்டுனாப் பொழைக்க மாட்டாகன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இப்பம் குடத்தத் தூக்கிக்கிட்டு அதுக்கு நேர் கீழ போயி நிக்கப் போறாக. என் தாலிக்கு வழி சொல்லிட்டு வெடியப் போடுங்க."

அண்ணாச்சி இவரைப் பார்த்தார்.

"நெசமாவே?"

இவர் தரையைப் பார்த்தார்.

"நண்டுன்னுல்லவே சொன்ன? நீ வந்து போற வீடேன்னு அன்னையிலருந்து எங்க வீட்டுல நண்டே வாங்கலயேவே!"

சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். இவர் முகம் கறுத்துப்போயிற்று. எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விட வேண்டும்போல் இருந்தது.

"வேற கொழாய்ல எடுப்போமே" என்றார் ஒருவர்.

"அது முடியாது. அங்கனதான் எடுக்கணும்னு அப்பா வாயால கேட்டது" என்றார் அண்ணாச்சி. உள்ளே போய்த் தகப்பனார் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்து பேரன்மார் தோளில் கிடந்த வெடியைத் தானே எடுத்தார். "இத ஆத்தங்கரையில வச்சுக்கிடலாம். எடுப்பும் தொட்டி முக்கச் சுத்திப் பின்தெரு வழியாப் போகட்டும். நீர்மாலைக்கு ஒருத்தனும் வாயத் தொறக்கப்படாது. செருப்பையும் கழட்டிப் போடுங்கலே." பிறகு இவரிடம், "நீ வராண்டாம், மச்சான். ஒன் கொடத்த என் மவன் எடுப்பான்" என்றார்.

இவர் குனிந்து ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். யாரையும் பார்க்கவில்லை.

அப்படி ஒரு நீர்மாலையை இந்த ஊர் பார்த்திருக்காது. தெருவே வெறுங்காலோடு போயிற்று. மேளக்காரர்கள் எல்லாரும் மேளத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓரமாக நடந்தார்கள். அழுதுகொண்டு வந்த பிள்ளையை யாரோ முந்தானைக்குள் போட்டு அடக்கினார்கள். நான் எங்கள் வீட்டு வாசலில் நின்றேன். பார்வை கூட்டில். அவ்வப்போது ஒரு கூட்டில் சிலிர்ப்பு மேலிருந்து கீழாக ஓடும். ஒவ்வொரு தடவையும் என் உயிர் போய் வந்தது. குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவ்வளவு மெதுவாகவா குழாயில் தண்ணீர் வரும்! இவர் முறை வந்தது. குனிந்தார். பிடரியில் ஒன்று வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் நின்ற அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டார். தட்டவும் இல்லை, ஊதவும் இல்லை. தன் தோள் துண்டின் நுனியை அதற்கு முன்னால் மெல்லக் கொண்டுபோய் வைத்தார். அது துண்டில் ஏறியது. அந்தக் கையை அப்படியே விலக்கி நீட்டிக்கொண்டு நின்றார், அது பறந்து போகிற வரைக்கும்.

குடம் நிறைந்தது. நாலு பேர் விரித்துப் பிடித்த வெள்ளைத் துணிக்குக் கீழே எல்லாரும் திரும்பிப் போனார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன்.

ஆற்றங்கரையில் போட்ட வெடி வீடு வரைக்கும் கேட்டது.

பிப்ரவரி 6, செவ்வாய்

பேசவில்லை.

பிப்ரவரி 7, புதன்

இன்றைக்கும் பேசவில்லை. சோற்றைப் போட்டால் சாப்பிடுகிறார். கடைக்கு வருகிறவர்கள், "ஜெயக்கொடி, நண்டு சாப்பிடலாமாமே" என்று கேலி பேசுகிறார்கள். ஒவ்வொரு கேலியும் எனக்குத்தான் விழுகிறது. விழட்டும். ஆள் கண் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அது போதும்.

பிப்ரவரி 9, வெள்ளி

கவுன்சிலரிடம் போனேன். இனி மறைக்க ஒன்றுமில்லையே. எங்களை ரெண்டு நாள் வெளியூர் போகவிட்டு, ஆளை வைத்துக் கூட்டை எடுத்துவிடுங்கள் என்றேன்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எம்மா, நீதான பேப்பர்ல சொன்ன? கலெக்டர் அதப் படிச்சிட்டாரு. தேனீக்குக் கீழ நூலகம், தமிழ்நாட்டுலயே இல்லன்னு ஒரே சந்தோசம் அவருக்கு. தேன்கூடு நூலகம்னு பேர் வச்சு அழைப்பிதழ் அச்சாகுது. இந்த வருசம் மட்டுமில்ல, எந்த வருசமும் அதத் தொடப்படாதுன்னு எழுத்துலயே வந்துட்டு. ஜன்னலுக்கெல்லாம் வலை அடிக்கச் சொல்லியாச்சு. மார்ச் ஒண்ணாம் தேதி தொறப்பு. சுவர்ல எழுதின மாதிரியே வெடி கிடையாது. என்னம்மா, அழுத?"

நான் அழவில்லை. கண்ணில் தூசி.

வருகிறபோது பார்த்தேன், கிழக்கு ஓட்டையை அடைத்துவிட்டார்கள். சண்டை போடத் தெம்பில்லை.

திறந்துவிட்டால் நாள் முழுக்க ஆள் நடமாட்டம். எவனோ ஒருவன் கல்லெறிய எவ்வளவு நேரம்? இவர் பிறந்த வீடு இது, இவருடைய அப்பா ஆரம்பித்த கடை. இவரை எங்கே போகச் சொல்வேன்? வேறு நூலகத்துக்கு மாற்றல் கேட்டு எழுத வேண்டியதுதான். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. வட்டச் சுவருக்கு அலமாரி செய்கிறவனுக்குப் பைத்தியம் பிடிக்கும்.

பிப்ரவரி 14, புதன்

மாற்றல் மனுவைப் பையில் வைத்திருந்தேன். காலையில் காணவில்லை. சமையலறையில் இவர் அதை வைத்து அடுப்பு மேடையில் சிந்திய பாலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்ணுதிய?" என்று கத்தினேன்.

"ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு பாத்தாச்சு. முன்னால கடைக்கும் எடம் இருக்கு. மோட்டார் கெட்டா எங்கிருந்தாலும் தேடித்தான வரணும்." அத்தனை நாள் கழித்துப் பேசியது இதுதான். தாளைப் பிழிந்து போட்டுவிட்டு, "இத்தன வருசம் நீ அலைஞ்சத நான் பாக்கலன்னு நெனச்சியா, கோட்டிக்காரி?" என்றார்.

"ஊருக்கு முன்னால அசிங்கப்படுத்திட்டேன்னுதான பேசாம இருந்திய?"

"அதுக்கில்ல. குனிஞ்சு தண்ணி பிடிக்கும்போது பிடரியில அது நடந்துச்சு பாத்துக்க. அப்பம் பயந்துட்டேன். நெசமாவே பயந்துட்டேன், புஷ்பம். அத எப்படிச் சொல்லன்னு தெரியல."

பால் பாத்திரத்தைக் கழுவப் போட்டேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

குடி மாறிவிட்டோம். சேர்மக்கனி அண்ணாச்சிதான் வண்டி கொண்டுவந்தார். புது வீட்டில் பால் காய்ச்சிய கையோடு ஒரு சட்டி நண்டுக் கறியை வைத்துவிட்டுப் போனார். பீரோ கதவு சாத்த மாட்டேன் என்கிறது. குழாயில் உப்புத் தண்ணீர்.

பிப்ரவரி 26, திங்கள்

தச்சர் அலமாரியை முடித்துவிட்டார். பலகையில் வரலாறு எழுதியாயிற்று. ரயிலும் இருக்கிறது, ரெண்டு குழாயும் இருக்கிறது, உடைந்த குடமும் இருக்கிறது. கவுன்சிலர் ரெண்டு தடவை வாசித்துவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 1, வெள்ளி

திறந்தாயிற்று. கலெக்டர் வந்தார், ரிப்பனை வெட்டினார், அண்ணாந்து பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். வெடி இல்லை. கைதட்டக்கூட வேண்டாம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டேன். ஊரே கையைக் கட்டிக்கொண்டு நின்று திறந்த நூலகம் இதுவாகத்தான் இருக்கும்.

கூட்டம் போனதும் என் மேசையில் உட்கார்ந்தேன். வாசலைப் பார்த்தாற்போல. நினைத்த மாதிரியே இருந்தது. ஆனால் ஒரு சங்கடம். வந்தவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள், வர முடியாத ஒரே ஆள் என் வீட்டுக்காரர்.

போன் அடித்தது. இவர்தான், காலையிலிருந்து எத்தனையாவது தடவையோ. கலெக்டர் பேசும்போதே அடித்து மானத்தை வாங்கினார்.

"ஜன்னல் வலையெல்லாம் சாத்தியிருக்கா?"

"இருக்குங்க."

"தலையில துண்டு போட்டுக்கிட்டு வீட்டுக்கு வா."

"ஒங்களுக்குத்தான ஆகாது, எனக்கென்ன?"

"ஒனக்கு ஆகும்னு எவன் சோதிச்சுப் பாத்தான்? வெசனமா இருக்குன்னா கேளு." பிறகு மாற்றிக்கொண்டார். "மேல ஜன்னலுக்கு வா. நான் கேட்டுக்கிட்ட நிக்கேன்."

படியேறிப் போய் வலைக்குப் பின்னால் நின்றேன். ரயில்வே கேட் பக்கத்தில் சின்னதாக ஒரு வெள்ளைச் சட்டை. போனைக் காதில் வைத்தபடி கையைத் தூக்கினேன்.

"தெரியுதாங்க?"

"தெரியுது, தெரியுது. ஏ, கைய ஆட்டாத! பூச்சி கலைஞ்சிரப்போவுது!"

தூக்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் இவர் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு ரெண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டே இருந்தார்.